பங்கேற்பாளர் ஏழு

பிப்ரவரி 3, திங்கள்

விமானத்துறையில் மனிதக் காரணிகள் — இதுதான் என் முதுநிலைப் படிப்பின் பெயர். இன்றைய பாடம் கவனச் சிதறல். வேலையைப் பாதியில் விட்டுப் போனவர் திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்குவதில்லை, விட்டதாக நினைக்கும் இடத்திலிருந்து தொடங்குகிறார் என்றார் பேராசிரியை. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் எழுதவில்லை. எனக்கு எதற்கு?

மாலையில் அம்மா போன். "ப்ளேனைப் பத்திப் படிக்கறேன்னு போயிட்டு மனுஷனைப் பத்திப் படிக்கறேங்கற. அதுக்கு நம்ம சொந்தக்காரங்க போதாதா?"

சிரித்தேன். இதைக் கேட்டால் அக்கா எப்படிச் சிரிப்பாள் என்று உடனே தோன்றியது. அதோடு சிரிப்பு போயிற்று.

பிப்ரவரி 11, செவ்வாய்

அக்கா என் உடன்பிறந்தவள் இல்லை. விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹேங்கரில் ஒன்பது வருஷம் என்னோடு ஒரே ஷிஃப்டில் இருந்தவள். நான் வேலை செய்வேன், அவள் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவாள். அறுபது ஆண்களுக்கு நடுவே நாங்கள் இரண்டே பேர். எங்களுக்கு உடை மாற்றக் கொடுத்த அறையில் துடைப்பமும் பக்கெட்டும்தான் மூத்த குடிகள் என்பாள்.

அந்தத் தவறு நடந்த அன்று, எஞ்சினுக்குப் பக்கத்தை மூடும் தகடான பேனலில் பன்னிரண்டு ஸ்க்ரூ. ஏழு மட்டும் முடுக்கியிருந்தேன். வேறொரு விமானத்துக்கு அவசரம் என்று கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவள், முடித்துவிட்டதாகவே நினைத்து சாமான்களை எடுத்து வைத்தேன். அக்கா கையெழுத்துப் போட்டாள். விமானம் மேலே ஏறியதும் பேனல் பிய்ந்து போனது. விமானி பத்திரமாகத் திரும்பி வந்து இறக்கினார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

விசாரணையில் கேட்டார்கள்: "அவங்க வந்து பார்த்தாங்களா?"

"இல்லை" என்றேன்.

உண்மைதான். எனக்கு மூன்று மாதம் தற்காலிகப் பணி நீக்கம். அவளுக்குக் கையெழுத்துப் போடும் லைசென்ஸே போயிற்று. அடுத்த மாதம் வேலையை விட்டாள். போன் செய்தேன் — எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்பினேன் — பதில் இல்லை. இரண்டு வருஷம் ஆகிறது.

பிப்ரவரி 20, வியாழன்

படிப்புக்காக நாங்கள் செய்யும் ஆய்வுக்குப் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். தொழிற்சங்கம் வழியாக அழைப்பு அனுப்பினோம். எல்லோரும் ஹேங்கர் ஆட்கள், எல்லோரும் ஒரு தவறைத் தாண்டி வந்தவர்கள். பெயர் கிடையாது, எண் மட்டும். பாதிப் பேரை நான் போனில் பேட்டி எடுக்கிறேன், பாதியைக் கேப்டன். அவர் காது மந்தமாகி விமானம் ஓட்டுவதை விட்டவர், வகுப்பிலேயே மூத்தவர். ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தடவை கேட்பார். அதனால்தானோ என்னவோ, அவரிடம் எல்லோரும் மனம்விட்டுப் பேசுகிறார்கள்.

பிப்ரவரி 26, புதன்

இன்று காண்டீனில் யாரோ அக்கா மாதிரியே தும்மினார்கள். திரும்பிப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன்?

மார்ச் 4, செவ்வாய்

கேப்டன் எழுதியெடுத்த பேட்டிகளைப் படித்துக்கொண்டிருந்தேன். பங்கேற்பாளர் ஏழு.

"மத்தவங்க வேலைன்னா டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணா எண்ணுவேங்க. அவ செஞ்சிருந்தா பாக்கவே தோணாது. ஒன்பது வருஷப் பழக்கம். அதான் என் தப்பு."

இது அக்கா.

உண்மையைச் சொன்னதற்காகவா அந்தப் பெண்மேல் கோபம் என்று கேப்டன் கேட்டிருக்கிறார்.

"பொய் சொல்லியிருந்தாத்தான் கோபம் வந்திருக்கும். ரெண்டு தெரு தள்ளித்தாங்க வீடு. மெசேஜா அனுப்பினா. ஒரு எட்டு வந்து பாக்கலை. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா அவதானோன்னு எத்தனை நாள் —"

காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன். ஆள் யாரென்று தெரிந்துவிட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். நாங்களே எழுதிய விதி. இன்னும் ஒரு பக்கம் இருந்தது. ஒரே ஒரு பக்கம். படிச்சா யாருக்குத் தெரியப்போகுது?

படிக்கவில்லை.

ஏன்டி போகலை நீ? ரெண்டு தெருதானே? கதவைத் திறந்து என்ன சொல்வாளோன்னு பயம். அவ்வளவுதான். அவ அங்க காத்துக்கிட்டு இருந்திருக்கா.

மார்ச் 5, புதன்

பேராசிரியையிடம் சொல்லிவிட்டேன். ஏழாம் எண்ணை இனிக் கேப்டன் மட்டும்தான் பார்ப்பார்.

"இதை வச்சு அவங்ககிட்ட நான் பேசலாமா மேடம்?"

"கூடாது. அவங்க ஆய்வுக்குச் சொன்னது. உனக்குச் சொன்னதில்ல."

தெரிந்த பதில்தான். அந்தப் பேட்டியைப் படித்திருக்காவிட்டால் போவேனா? தெரியவில்லை. ஆனால் போயிருக்க வேண்டும். படிப்பதற்கு இரண்டு வருஷம் முன்பே போயிருக்க வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

ஊருக்கு டிக்கெட் எடுத்தேன். ரத்து செய்தேன். மறுபடி எடுத்தேன்.

மார்ச் 22, சனி

அக்கா கதவைத் திறந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"முன்னாடியே வந்திருக்கணும்க்கா. பயந்துட்டேன்."

"வாசல்லயே நின்னு அழப் போறியா? உள்ள வா."

பேட்டியைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். மேஜை முழுக்கப் புத்தகங்கள். லைசென்ஸ் பரீட்சையை அடுத்த மாதம் மறுபடி எழுதப் போகிறாளாம்.

"மண்டையில ஏறவே மாட்டேங்குது. நீ கேளு, நான் சொல்றேன்" என்று ஒரு தடிப் புத்தகத்தை என் மடியில் போட்டாள்.

முதல் கேள்வியைக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தாள். புத்தகத்தைப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன்.

"தப்புக்கா."

கண்ணைத் திறந்தாள். "நல்லாப் பாத்துத்தான் சொல்றியா?"

"பாத்துட்டேன்."

நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சரி. அடுத்ததைக் கேளு."