துரைக்கு சேஃப்டி ஷூ

பெயின்டர் அண்ணே,

நம் சுரங்கக் கம்பெனிப் பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்யும்போது இன்று காலை உங்கள் துரை அகப்பட்டார். ஆறடி பிளைவுட் பலகையில் நீங்கள் வரைந்த வெள்ளைக்காரத் துரை. தூசியைத் துடைத்ததும் அதே சிவப்புக் கோட்டு, இடுப்பில் வாள், எங்கே நின்றாலும் நம்மையே பார்க்கும் அந்தக் கண்கள். ஓர் இடத்தில்கூடப் பெயின்ட் உரியவில்லை. புதிதாக வந்திருக்கும் டீச்சர் துரையின் காலைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அந்தக் காலை மறுபடியும் துணியால் துடைத்தேன்.

நான் வேலையில் சேர்ந்த வருஷம் அது. வரலாற்றுக் கண்காட்சிக்குப் படம் வரைய, சுரங்கத்தில் ‘ஜாக்கிரதை’ பலகை எழுதிக்கொண்டிருந்த உங்களை அழைத்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு வெள்ளைக்காரப் படை அதிகாரி, இங்கே சண்டை போட்டுவிட்டு ஊர் திரும்பி அவர்கள் பார்லிமென்டில் உட்கார்ந்தவர் என்றேன்.

“சண்டையும் போட்டுட்டு ஓட்டும் வாங்கிட்டாரா? கெட்டிக்காரருதான் டீச்சர்” என்றீர்கள்.

படம் நன்றாக அமைந்தால், பள்ளியிலேயே உங்களைப் பெர்மனென்ட் ஆக்கச் சிபாரிசு செய்வதாகத் தலைமை ஆசிரியர் சொல்லியிருந்தார். அதுவரை வருஷக்கணக்காகக் கான்ட்ராக்ட்தான் உங்களுக்கு. ஷிப்ட் முடிந்ததும் உங்கள் ஊர் குறிஞ்சிப்பாடிக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து வரைந்தீர்கள்.

நான் கொடுத்த புத்தகத்தில் படம் முழங்காலோடு முடிந்துவிட்டது. “காலுக்கு என்னா போடறது டீச்சர்?” என்று கேட்டீர்கள். விடைத்தாள் கட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, “பூட்ஸ்தான் அண்ணே. நீங்க போட்டிருக்கீங்களே, அது மாதிரி போடுங்க” என்றேன். நீங்களும் உங்கள் காலில் இருந்த சுரங்க ஷூவைப் பார்த்தே வரைந்தீர்கள். உருண்டை மூக்கு, கறுப்பு நாடா, தடித்த அடி. நான் வந்து பார்த்துப் பிரமாதம் என்றேன்.

திறப்பு விழாவுக்கு வந்த சுரங்க அதிகாரி கண்டுபிடித்துவிட்டார். “துரைக்கு சேஃப்டி ஷூவா? யாருப்பா சொல்லிக் கொடுத்தது?” என்றதும் அரங்கமே சிரித்தது. தலைமை ஆசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“டீச்சர் சரியாதாங்க சொன்னாங்க. நாந்தான் தெரியாம போட்டுட்டேன்” என்றீர்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. பயந்தாங்கொள்ளி. உங்கள் சிபாரிசு அன்றோடு போயிற்று.

அடுத்த வாரம் என் வகுப்புக் கரும்பலகைக்குக் கறுப்புப் பூச வந்தீர்கள். “காஞ்சிடுச்சு டீச்சர், எழுதிப் பாருங்க” என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில் துளி வருத்தம்கூட இல்லை. எப்பேர்ப்பட்ட மனுஷன் நீங்கள்! மன்னிப்புக் கேட்க நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். போன மாதம் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

இன்று மாலை குறிஞ்சிப்பாடிக்குப் போய் உங்கள் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

“அவரு அன்னிக்கே சொல்லிட்டாருங்க” என்றார் அவர். “‘புதுசா வந்த டீச்சரு, பேரு கெட்டா புள்ளைங்க மதிக்காதுங்க. நான் பலகை எழுதிகினு பொழச்சிக்குவேன்’னாரு. கடைசி வரைக்கும் கான்ட்ராக்ட்டுதான். ஒரு நாளும் உங்கள ஒண்ணும் சொன்னதில்லீங்க.”

நாளைக்கு முதல் பீரியட் எனக்கு. நீங்கள் காப்பாற்றிக் கொடுத்த பேரோடுதான் இத்தனை வருஷமும் அந்த வகுப்பில் நின்றிருக்கிறேன், அண்ணே.