இத்தா வீட்டு அத்தி

2024 ஜூலை 9, செவ்வாய்

இன்றும் ஓர் இலை. நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு, வீடு அடங்கிக் கிடந்த நேரம். விறைத்த இலை டைல்ஸ் தரையில் விழும்போது, செருப்புப் போட்ட காலை யாரோ எடுத்து வைப்பது போல் கேட்கிறது.

அத்தி என்று நான்தான் சொல்கிறேன். ஃபிடில் லீஃப் என்பது ஸுஹைல் மச்சான் சொன்ன பெயர். என் அக்கா அம்றா ராத்தாவின் கணவர். சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் வேலை. வரவேற்புக் கூடத்து மரங்களை அவர்கள் மாற்றியபோது ஒன்றைக் கேட்டு வாங்கினார். என் உயரம். இலை ஒவ்வொன்றும் வயலினின் உடல் போல இடுப்பில் ஒடுங்கியிருக்கும்.

மே மாதம், தம்புள்ளைக்கு இந்தப் பக்கம், அவருடைய மோட்டார் சைக்கிளும் ஒரு லொறியும். அன்றிலிருந்து ராத்தா எங்கள் மாத்தளை வீட்டில் இத்தா இருக்கிறாள். கணவனை இழந்தவள் இருக்கும் தனிமை, நாலு மாதமும் பத்து நாளும். வெளியே போக முடியாது, பிற ஆண்கள் கண்ணில் படக் கூடாது. அவளோ அறையை விட்டுக் கூடத்துக்குக்கூட வருவதில்லை. அவளுடைய துணிகளோடு மரமும் வந்தது.

அவள் இன்னும் அழவில்லை.

ஜூலை 11

"நடக்கிறார். கேட்டிச்சா?" என்றாள் ராத்தா.

"யாரு?"

அறைவாசல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூடத்துக்குப் போய் விழுந்த இலையை எடுத்து வந்து காட்டினேன். "இதுதான் ராத்தா."

வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "இது முந்தியே கிடந்திருக்கும். இதுக்கு மேலாலதான் அவர் போனது."

பேராதனையில் நான்கு வருடம் தத்துவம் படித்தேன். இதற்கு ஒரு மறுப்பும் தோன்றவில்லை.

ஜூலை 14

சத்தம் இலையுடையது. மரம் தேறினால் இலை விழாது. இலை விழாவிட்டால் மச்சான் நடக்க மாட்டார். பிறகு ராத்தா வெளியே வருவாள். இவ்வளவுதானே?

ஃபோனில் தேடித் தேடி வாசித்தேன். இலையின் ஓரத்திலிருந்து வரும் காய்ந்த பழுப்பு, தாகம். நடுவிலும் அடியிலும் கறுத்து ஈரமாகப் பரவும் பழுப்பு, வேர் அழுகல். வெளிச்சம் குறைந்தால் கீழிலைகள் கழன்றுவிடும். எங்கள் மரத்தில் எல்லாமே இருப்பதாகத் தோன்றுகிறது. வியாதிப் புத்தகம் வாசிக்கிறவளுக்கு எல்லா வியாதியும் இருப்பது போல.

வெளிச்சம் குறைவுதான். மே மாதத்திலிருந்து கூடத்துத் திரைகள் மூடியே கிடக்கின்றன. மரமும் இத்தா இருக்கிறது.

ஜூலை 16

பூக்கன்று விற்கும் ஜிப்ரி நானாவிடம் படத்தைக் காட்டினேன்.

"அத்தி தானே மகள், நல்லாத் தண்ணி ஊத்துங்க. மனிசருக்கு ஓதிப் பாக்குறதப் போல இதுக்கும் ஒரு லெப்பையக் கூட்டி வாங்க" என்று சிரித்தார்.

சிரிக்க முடியவில்லை. ராத்தாவுக்காக உம்மா லெப்பையிடம் ஓதிய தண்ணீர் எடுக்கத் தொடங்கி இரண்டு கிழமை.

ஜூலை 20

உம்மா இன்று ராத்தாவிடம் கேட்டார். "இத்தா முடிஞ்சு செப்டம்பர்ல ஸ்கூலுக்குப் போவ வேணுமே மகள். பிரின்சிபல் டீச்சரும் கேட்டாங்க."

"அவர் ஊட்டுக்குள்ள இரிக்கக்குள்ள எனக்கு என்னத்துக்கு இத்தா? இல்லாத இத்தாவ எப்பிடி உம்மா முடிக்கிற?"

நிதானமான குரல். வகுப்பில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் குரல். அதுதான் பயம்.

உம்மா குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

ஜூலை 23

மண் ஈரம்.

பத்து நாளாக நான் தண்ணீர் ஊற்றவில்லை. விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். அடிவரை ஈரம். வெயில் படாத கிணற்றின் வாடை.

ராத்தாவிடம் கேட்டேன். "நான் அறைய விட்டு வாறல்லையே" என்றாள். பிறகு, யாருக்கோ கேட்கக் கூடாததைச் சொல்வது போல மெதுவாக: "அவருக்கு அந்த மரத்துல எவ்வளவு உசிரு."

இன்று மூன்று இலை. ஒன்றன்பின் ஒன்றாக. மரத்திலிருந்து அறைப் பக்கமாக.

காற்றாக இருக்கும். கச்சான் காற்று. திரை மூடியிருந்தது, ஆனாலும்.

ஜூலை 26

உம்மாதான்.

வாசற்படியில் நின்று பார்த்தேன். ஓதிய தண்ணீரில் ராத்தா இரண்டு மிடறு குடிப்பாள். மிச்சத்தை எங்கே கொட்டுவது? பேசினில் ஊற்றினால் சாக்கடைக் கானுக்குள் போகும். முற்றத்தில் கொட்டினால் கால் படும். எங்கள் வீட்டில் ஓதிய தண்ணீர் எப்போதும் செடியின் அடிக்குத்தான். உம்மா பிஸ்மி சொல்லி, அந்த ஜக் முழுவதையும் அத்திக்கு ஊற்றினார். காலையும், பின்னேரம் அஸர் தொழுகைக்கும்.

"உம்மா, மரம் அழுகிப்போய்ட்டு."

"ஓதின தண்ணி எப்பிடி மகள் அழுகவெக்கும்?"

முற்றத்து மாதுளையைக் காட்டி, இனி அதற்கு ஊற்றுங்கள் என்று கெஞ்சினேன்.

ஜூலை 27

மரத்தைச் சரித்துப் படுக்கவைத்து, சட்டியிலிருந்து உருவினேன். வேர்கள் கறுத்து, தொட்டால் தோல் கழன்று வந்தது. அழுகியதையெல்லாம் வெட்டினேன். வெட்டிய நல்ல வேரில் பால் கசிந்தது. மணலும் தென்னந்தும்புத் தூளும் கலந்த புதிய மண். அடியில் துளை. கிழக்கு ஜன்னலின் திரையை மட்டும் விலக்கினேன்.

அறையிலிருந்து ராத்தா: "அவர என்ன செய்ற?"

மரத்தை என்றுதான் கேட்டிருப்பாள். அப்படியே எழுதியிருக்க வேண்டும். என் காதில் விழுந்ததை எழுதினேன்.

ஆகஸ்ட் 8

இலை விழவில்லை. ஒரு கிழமையாக ஒன்றும் இல்லை. பழுப்பு பரவுவது நின்றுவிட்டது.

நான் ஜெயித்தேன் என்று எழுதக் கை வருகிறது.

ஆகஸ்ட் 11

ராத்தா சாப்பிடவில்லை.

"சத்தத்தக் காணல்ல" என்றாள். "போயிட்டார் போல. இந்த முறையும் சொல்லாம."

இந்த முறையும். அன்று காலை அவள் தூங்கிக்கொண்டிருந்தாளாம். எந்த நாளும் வாசலில் நின்று ஸலாம் சொல்லிவிட்டுப் போகிற மனிதர், எழுப்பாமல் போய்விட்டார். அவர் ஸலாம் சொல்லவே இல்லையா, சொல்லியும் இவளுக்குக் கேட்கவில்லையா. மூன்று மாதமாக இதைத்தான் உள்ளே வைத்து அரைத்திருக்கிறாள்.

எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ராத்தா. நான் மரத்தையல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 15

தண்ணீர் மட்டும். கழுத்தெலும்பு தெரிகிறது. டாக்டரம்மா வந்து பார்த்தார். இப்படியே போனால் வார்டில் வைத்து சேலைன் ஏற்ற வேண்டும் என்றார். ராத்தா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

நான் குணப்படுத்தியது எதை?

ஆகஸ்ட் 17

விழுந்த இலைகளையெல்லாம் உம்மா கூட்டி எறிந்துவிட்டார். ஆகவே பச்சை இலையாக ஒன்றைப் பிடுங்கினேன். காம்பிலிருந்து பால் வடிந்தது. இரண்டு நாள் வெயிலில் வைக்கப்போகிறேன்.

என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே எழுதிக்கொள்ள விருப்பமில்லை.

ஆகஸ்ட் 19

ளுஹருக்குப் பிறகு. உம்மா படுத்திருந்தார். அறைத் திரைக்கு இப்பால் நின்று, இலையை இடுப்பு உயரத்திலிருந்து விட்டேன். எடுத்தேன். ஓர் அடி தள்ளி மறுபடியும் விட்டேன்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

பின்னேரம் உம்மாவிடம் கஞ்சி கேட்டாளாம்.

ஆகஸ்ட் 24

ஒவ்வொரு நாளும் நடக்கிறேன். வெறுங்காலுடன், மூச்சைப் பிடித்துக்கொண்டு, இலையைக் குனிந்து குனிந்து எடுத்து. பேய் என்பது முதுகு வலிக்கிற வேலை.

ஆனால் இப்படியே எத்தனை நாள்? வருடக்கணக்கில் என் அக்காவின் புருஷனாக நடப்பதா?

ஆகஸ்ட் 25

அவர் போக வேண்டும். சொல்லிக்கொண்டு போக வேண்டும்.

இன்று அறை வாசலில் தொடங்கவில்லை. ஓர் எட்டு தள்ளி, கூடத்தில். நாளை இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு நாளும் முன்வாசலை நோக்கி.

செப்டம்பர் 1

சாப்பாட்டு மேசை வரை வந்துவிட்டார். ராத்தா நேற்று இரண்டு பிடி சோறு கூடச் சாப்பிட்டாள். "கொஞ்சம் தூரமாக் கேக்குது" என்றாள். முகத்தில் கலக்கமில்லை. பஸ் வரும் வரை நிற்பவளின் முகம்.

செப்டம்பர் 6, வெள்ளி

முன்வாசல். கதவைத் திறந்துவைத்தேன். உம்மா பக்கத்து வீட்டில். ஜும்ஆ தொழுகை நேரம், தெருவில் ஓர் ஆள் இல்லை. படியில் நின்று கடைசியாக விடுவதற்காக இலையைத் தூக்கிப் பிடித்தேன்.

உள்ளிருந்து ராத்தா தெளிவாக, சற்று உரக்க:

"வஅலைக்கும் ஸலாம்."

யாரோ சொன்ன ஸலாமுக்குப் பதில்.

நான் வாய் திறக்கவில்லை. இலை கையில்தான் இருந்தது. இப்போது எழுதும்போதும் மேசையில் இருக்கிறது.

அதன் பிறகு அழுதாள். மே மாதத்துக்கும் சேர்த்து அழுதாள். கட்டிலில் ஏறி அவளைப் பிடித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 9, திங்கள்

இத்தா முடிந்தது. குளித்து, நீலச் சட்டை போட்டுக்கொண்டு, ராத்தா தானே திரையை விலக்கிக் கூடத்துக்கு வந்தாள். உம்மா பிளேன்டீ கொடுத்துவிட்டு ஸ்கூல் சாரியை அயர்ன் பண்ணப் போனார். எல்லா ஜன்னலும் திறந்திருந்தன.

"முத நாளே தெரியும் நீதான் எண்டு" என்றாள். "ஒன்ட முட்டிக்கால் சத்தம் போடுது, குனியக்குள்ள."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏசல்லடி. யாராவது அவர வாசல் வரைக்கும் கூட்டிப் போவ வேணும்தானே." பிளேன்டீயை ஆற்றினாள். "ஆனா அந்த ஸலாம். அவரப் போலவே, கடைசியில ஒரு இழுப்பு. எப்பிடி அப்பிடிச் சொன்ன?"

உம்மாவின் அயர்ன் உள்ளே சீறிக்கொண்டிருந்தது.

"பழகினேன்" என்றேன்.

"கள்ளி." மே மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். "இன்னொருக்காச் சொல்லிக் காட்டு பாப்பம்."

தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.