தறிக்குழிக்குள் வந்த ஊற்று

நேற்றுக் காலை தறியில் உட்கார்ந்தபடியே உங்கள் மகன் குரல் கொடுத்தான். "அம்மா, இந்தக் கோடைல குழி நல்லா ஈரமா இருக்குதும்மா. ஒரு இழைகூட அறுவல!" கையிலிருந்த முறத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். குனிந்து முகர்ந்தால் உங்கள் காலத்தில் வந்த அதே வாசனை. ஊறிப்போன செங்கல்லும் பழைய சுண்ணாம்புமாக மூக்கில் ஏறியது. எனக்கு முதலில் வந்தது பயமில்லை, உங்கள் மேல் கோபம்தான். என் பிராணனை வாங்க ஒரு வாரிசையும் விட்டுவிட்டுத்தானே போயிருக்கிறீர்கள்!

நகராட்சிக் குழாய் நம் வீட்டுக்கு வந்த புதிது நினைவிருக்கிறதா? தெருவிலிருந்து தறிக்கூடத்துத் தரைக்கு அடியில் ஓடி, கொல்லையில் முடிந்தது அந்த இரும்புக் குழாய். திறந்தால் பித்தளைக் குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் அடுத்த வீடுவரை கேட்கும். கொஞ்ச காலம்தான் அந்த வாழ்வு. பிறகு தண்ணீர் இளைத்து நூலாகிவிட்டது. அப்புறம் குழாய் இரும ஆரம்பித்தது. முதலில் காற்று, அதன் பின்னால் செம்மண் நிறத்தில் ஒரு வாய், அதற்குப் பிறகுதான் தண்ணீர். தறிக்கூடத்துச் சுவரில் வெள்ளைப்பூச்சு அப்பளமாக உப்பியது. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு குழியைவிட்டு வெளியேறின. எறும்புக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றையும் வந்து வந்து சொன்னேன். "போயி வேலையப் பாரும்மே" என்றீர்கள்.

தறியில் நாடா குறுக்கே ஓடும் சத்தத்தை வைத்தே எங்கே இழை தளர்ந்திருக்கிறது என்று சொல்லும் காது உங்களுடையது. குழாய் இருமுவது மட்டும் அந்தக் காதில் விழவில்லை. விழ விட்டால்தானே! வெயில் ஏற ஏறப் பட்டு இழை அறுந்துகொண்டே இருக்கும் என்று ஊரில் எல்லாரும் கால் தொங்கப் போடும் குழிக்குள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். நம் குழியில் மட்டும் தெளிக்காமலே ஈரம். உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "கோயில் கொளத்து ஊத்து நம்ம குழிக்கு வந்துடுச்சி. அம்மன் கண்ணத் தெறந்துட்டா" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தீர்கள்.

சொன்னதோடு விட்டீர்களா? கசிந்த இடத்தில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவும் போட்டீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "குடுத்து வெச்ச கையிப்பா உன்னுது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒழுகுகிற குழாய்க்குக் கற்பூரம் காட்டிய வீடு இந்தக் காஞ்சிபுரத்திலேயே நம் வீடாகத்தான் இருக்கும். தலையில் அடித்துக்கொள்வதா சிரிப்பதா என்று தெரியாமல் நான் நின்றேன்.

அன்றைக்குக் கொல்லைக் குழாயில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. தெருக்குழாயிலோ கொட்டுகிறது. அப்படியென்றால் நம் வீட்டுத் தண்ணீர் எங்கே போகிறது? உள்ளே ஓடிவந்து, "ஏங்க, எழுந்து வாங்க, செவுரு ஊறிப் போயிருக்குது" என்றேன். "இரும்மே, ஒரு சாண் நெய்ஞ்சிட்டு வர்றேன்." மறுபடியும் கூப்பிட்டேன். நாடா ஓடிக்கொண்டே இருந்தது. சுவர் இடியும் என்று சொன்னால் வராத மனுஷர் எதற்கு வருவார் என்று எனக்குத் தெரியாதா? "காபி ஆறுது" என்றேன். உடனே எழுந்து வந்தீர்கள்.

சமையலறையில் அடுப்பே பற்றவைக்கவில்லை. "எங்கம்மே காபி?" என்று நீங்கள் கேட்கும்போதே பின்னால் தொம்மென்று விழுந்தது. குழியின் பக்கமும் அதன் மேல் நின்ற சுவரும் நீங்கள் உட்கார்ந்திருந்த பலகைமேல் சரிந்து கிடந்தன. நீங்கள் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "பாவு போச்சே!" உயிர் பிழைத்த மனுஷருக்குத் தறியில் ஏற்றிய நூல்தான் கவலை. எனக்கு வந்த ஆத்திரத்தில் உங்களை அடித்திருப்பேன். ஆனால் நீங்கள் பலகை இருந்த இடத்தையே பார்த்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் காபி போட்டேன்.

நான் சொன்னது சரி என்று ஒரு நாளும் நீங்கள் ஒப்புக்கொண்டதில்லை. குழாயில் உடைந்திருந்த மூட்டு ஒன்றை மாற்றி, சுவரை எழுப்பியதும், குழாயைத் தறிக்கூடத்துக்கு அடியில் விடாமல் சந்துப் பக்கமாகத் திருப்பிவிடலாம் என்று நான் சொன்னதற்கும் "அப்பறம் பாத்துக்கலாம்" தான். ஆனால் மறுநாளிலிருந்து, காலையில் தறியில் உட்காரும் முன்னால் கொல்லைப் பக்கம் திரும்பி ஒரு குரல் கொடுப்பீர்கள். "இன்னாம்மே, கொழா இன்னா சொல்லுது?" நான் குடத்தை வைத்து, சத்தம் கேட்டு, சுவரைத் தடவிப் பார்த்து, "ஒழுங்கா இருக்குது" என்று சொன்ன பிறகுதான் குழிக்குள் கால் வைப்பீர்கள். நீங்கள் கடைசியாகப் படுக்கையில் விழும்வரை அது நிற்கவில்லை.

உங்கள் "அப்பறம்" நேற்று வந்து சேர்ந்தது. மகனைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டு, குழாய் வேலைக்கு ஆளைக் கூப்பிட்டேன். தோண்டிப் பார்த்தால் அதே மூட்டு. "நல்ல நேரத்துல பாத்தீங்கம்மா" என்றார் வந்தவர். குழாயைச் சந்துப் பக்கமே திருப்பிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

இன்று காலை குடத்தில் தண்ணீர் பழையபடி சத்தமாக விழுந்தது. சுவரைத் தடவிப் பார்த்தேன். காய ஆரம்பித்திருந்தது. மகன் எதுவும் கேட்காமல் தறியில் போய் உட்கார்ந்தான். எனக்குத்தான் கொல்லையைவிட்டு நகர முடியவில்லை. கடைசியில், "ஒழுங்கா இருக்குதுங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்தேன்.