தலையில்லாத மயில்கள்

செவ்வாய். எல்லோரும் தூங்கியாயிற்று.

எங்கள் தறியில் புடவையின் நல்ல பக்கம் கீழே இருக்கும். நான் பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா அடியில் கண்ணாடி பிடித்துப் பார்த்துவிட்டு அலறினாள். மயில்களுக்குத் தலை இல்லை.

"கல்யாணப் பொடவ இது! இத்தக் கட்டிகினு எந்தப் பொண்ணு மணையில ஒக்காருவா?"

"தறியில எதுவோ பூந்துகினு கீது. காலையில பாவு நூல அறுத்துட்டு தறிய வித்துடறேன்" என்றார் அப்பா.

எதுவும் புகவில்லை. சனிக்கிழமை காலை யாருக்கும் தெரியாமல் தறியின் கம்ப்யூட்டர் பெட்டியில் நான் எழுதிய புரோகிராமை ஏற்றினேன். அது டிசைனை வரிவரியாக வாங்கிப் படிக்கும். டிசைனில் மாங்காயின் கூரும் மயிலின் கொண்டையும் ஒரே மாதிரி தொடங்கும். முதலில் மாங்காய் என்று படிக்கும். இல்லையென்றால் பழைய இடத்துக்குத் திரும்பி மயிலாகப் படிக்க வேண்டும். திரும்ப நான் வழி வைக்கவில்லை. வாங்கிய வரிகளைச் சேர்த்து வைக்கவும் இல்லை. தலை அந்த வரிகளோடு போய்விட்டது.

உடனே லேப்டாப்பில் சரிசெய்தேன். திரையில் எல்லா மயிலுக்கும் தலை வந்தது. சொல்லிவிடலாம் என்று தறிக்குப் போனேன். அப்பா இல்லை. எத்தனை கெட்டிருக்கிறது என்று பார்க்கச் சுற்றிய புடவையைப் பிரித்தேன். ஒவ்வொரு நாள் நெசவு முடிந்ததும் அப்பா கரையில் ஒரு நூல் முடிச்சுப் போடுவார். எண்ணிக்கொண்டே பின்னால் போனேன். திங்கள், ஞாயிறு, சனி.

வெள்ளிக்கிழமை நெய்ததிலும் ஒரு மயில் தலையில்லாமல் நிற்கிறது. அன்று ஓடியது பழைய புரோகிராம்.

நான்தான் காரணம் என்று சொன்னால் அப்பா பாவு நூலை அறுக்க மாட்டார். ஆனால் மறுபடியும் அந்தத் தறியில் உட்காருவார்.