சைக்கிள் டியூப் ஒட்டிய மட்டை

இன்று மத்தியானம் பிள்ளையின் கட்டிலை உப்புத்தாள் கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பத்து மாதம் ஆகிறது. பல் முளைக்கிற நமைச்சலில் கட்டில் சட்டத்தைக் கடிக்கிறாள். பழைய கட்டில், பச்சைப் பெயிண்ட் உதிர்கிறது. நேற்று அவள் வாய்க்குள் விரலை விட்டு ஒரு துணுக்கை எடுத்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவளை உள்ளறையில் தூங்க வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, தூசி அங்கே போகாமல் கதவடியில் துணியைச் செருகிவிட்டு, பிறகு காற்று போகாதோ என்று பயந்து துணியை எடுத்துவிட்டு, தேய்த்தேன். பெயிண்ட் போய் மரம் தெரிந்ததும் அந்த வாசனை வந்தது. மரத்தூளும் வச்சிரப் பசையும் கலந்த வாசனை. உன் மட்டையின் வாசனை.

நீ போய்ச் சேர்ந்து ஒரு வருசம் தாண்டிவிட்டதுடி. எனக்கு அது தெரியவந்து எட்டு மாதம்தான். கூடலூரிலிருந்து உன் தம்பி எழுதிய கடிதம் வந்தபோது நான் ஏழு மாதம். வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் சாவுச் செய்தி சொல்லக்கூடாதென்று அம்மா அதை அலுமாரியில் சேலைக்கடியில் வைத்துவிட்டு, பிள்ளை பிறந்து இரண்டு மாதம் கழித்துத்தான் கொடுத்தார். அது அங்கே கிடந்த நாட்களில்தான் நான் உனக்கு ஒரு கடிதம் எழுதி, தபாலில் போடச் சொல்லி அம்மாவிடமே கொடுத்தேன். முகத்தில் ஒன்றும் காட்டாமல் வாங்கிக்கொண்டார். அதை என்ன செய்தார் என்று இதுவரை நான் கேட்கவில்லை. மூன்று நாள் மஞ்சள் காமாலை என்று தம்பி எழுதியிருந்தான். அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது.

இங்கே கம்பளையில் நாள் முழுவதும் நானும் பிள்ளையும்தான். என் வீட்டுக்காரருக்கு நுவரெலியாவில் வேலை, சனிக்கிழமை வருவார். அவளுக்குச் சளி பிடித்தால் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பேச ஆளில்லாத வீட்டில் உன்னோடு பேசுகிறேன். சொல்ல வேண்டியது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு பதினொரு வருசமாக வேறு எல்லாவற்றையும் உனக்கு எழுதியிருக்கிறேன்.

கடைகளில் வெளிநாட்டுச் சாமான் எதுவும் கிடைக்காத காலம் அது. பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு மேசைப்பந்து மேசை இருந்தது, மட்டை கிடையாது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் தச்சு வேலை பார்த்த உன் அப்பா, உடைந்த தேயிலைப் பெட்டியின் பலகையில் இரண்டு மட்டை அறுத்து, இருபக்கமும் உப்புத்தாள் ஒட்டிக் கொடுத்தார். என் மட்டையின் பிடியில் பெட்டியில் அச்சடித்த எழுத்தில் பாதி இருந்தது. மீதிப் பாதி உன்னுடையதில் இருக்கிறது என்பாய். பந்தும் கிடைக்காது. நசுங்கின பந்தைச் சுடுதண்ணீரில் போட்டு, அது ஊதிக்கொண்டு மேலே வருவதைச் சமையல்கட்டில் நின்று பார்ப்போம்.

உப்புத்தாள் மட்டையில் பந்து சுழலாது. அடித்த இடத்துக்கு நேராகப் போகும், நேராகத் திரும்பி வரும். அதனால் நம்மால் பேசிக்கொண்டே விளையாட முடிந்தது. டொக் என்று நீ ஒரு வசனம், டொக் என்று நான் ஒரு வசனம். தோட்டத்து லயத்தில் உங்கள் காம்பிராவுக்கு அடுத்த அறைக்காரி புருசனோடு சண்டை போட்ட கதையை நீ ஒரே ஆட்டத்தில் முடித்திருக்கிறாய். சிரிப்பு வந்து பந்தை விட்டால், "கதை போச்சுடி, மொதல்லருந்து வா" என்பாய். இப்போது ரப்பர் மட்டையில் பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்கிறேன். இரண்டு அடி, மூன்று அடி, முடிந்துவிடுகிறது. யாரும் வாயைத் திறப்பதில்லை.

பள்ளிக்கூடங்களுக்கிடையிலான போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் அதை நடத்துகிறவர்களிடமிருந்து கடிதம் வந்தது. ரப்பர் ஒட்டிய மட்டை மட்டுமே அனுமதி. நமக்கு ரப்பருக்கு எங்கே போவது? யோசனை என்னுடையது. கண்டியில் என் அப்பாவின் சைக்கிள் கடையில் பழைய டியூப் தொங்கியது, பஞ்சர் ஒட்டும் சொலூசன் இருந்தது. டியூபை வெட்டி, உப்புத்தாளின் மேலேயே ஒட்டிவிடலாம் என்றேன். நீ உப்புத்தாளை விரலால் தடவிப் பார்த்தாய். "மண்ணு மேல ஒட்டுமாடி?" என்று கேட்டாய். லொறி டயரையே ஒட்டுகிற சாமான் இது என்று நான் பெருமையடித்தேன். கடையின் பின்கட்டில் உட்கார்ந்து நானேதான் இரண்டையும் ஒட்டினேன். உன் மட்டைக்கு வரும்போது டப்பாவில் சொலூசன் தீர்ந்துவிட்டது. வழித்துத் தடவினேன். உன்னிடம் சொல்லவில்லை.

போட்டியில் நடுவர் மட்டைகளைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். ஆடச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். இரட்டையர் ஆட்டத்தில் முதல் செட்டை நாம்தான் எடுத்தோம். இரண்டாவதில் நீ ஓங்கி ஒரு அடி அடித்தாய். பந்து வலையில் விழுந்தது. ரப்பர்த் துண்டு மட்டும் மட்டையிலிருந்து கழன்று, வலையைத் தாண்டி, எதிரே நின்ற பெண்ணின் தோளில் போய் உட்கார்ந்தது. அவள் பல்லியென்று நினைத்துக் கத்தினாள். மண்டபமே சிரித்தது. உன் கையில் உப்புத்தாள் மட்டை, ஓரத்தில் கறுப்பாகப் பிசின்.

நம்மைத் தோற்றதாக அறிவித்தார்கள். பள்ளிக்கூடத்துக்கே மானம் போனது போல, நம்மை அழைத்து வந்த டீச்சர் வெளிறிப்போயிருந்தார். நம்மை மண்டபத்துக்கு வெளியே கூப்பிட்டார். யாழ்ப்பாணத்தவர், கோபத்திலும் குரல் உயராது.

"ஆற்றை வேலை இது? ஆர் ஒட்டினது?"

நீ என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்க்கவில்லை. பந்தைப் போட்டுவிட்டு, நான் திருப்பி அடிப்பதற்குக் காத்திருப்பாயே, அப்படிப் பார்த்தாய். நான் என் மட்டையைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். கடையில் எடுத்தது அப்பாவுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம் ஒன்று. நல்ல பிள்ளை என்ற பெயர் போய்விடுமே என்பது அதைவிடப் பெரிய பயம்.

"எங்க வீட்டுல ஒட்டுனது டீச்சர்," என்றாய்.

டீச்சர் நம்பிவிட்டார். தேயிலைப் பெட்டிப் பலகை உன் வீட்டுச் சாமான்தானே. அந்தப் படிப்புத் தவணை முடியும்வரை நீ மேசைக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்றார். தவணை முடியுமுன், இந்தியாவுக்கு அனுப்பப்படும் தோட்டத்துக் குடும்பங்களோடு போக உங்கள் வீட்டுக்கும் பாஸ்போட் வந்துவிட்டது. ஆக, அந்த அடிதான் நீ அடித்த கடைசி அடி.

அன்று பஸ் நிலையத்துக்கு நடக்கும்போதாவது நீ என்னைத் திட்டியிருக்கலாம். "பந்துக்கு ஒண்ணும் ஆகலடி, பஞ்சர் நமக்குத்தான்" என்று சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அடுத்த வாரமே வேறொருத்தியோடு ஜோடி சேர்ந்து ஆட ஆரம்பித்தேன். பள்ளிக்கூடமே இரண்டு ரப்பர் மட்டையை எங்கிருந்தோ இரவல் வாங்கித் தந்தது. நீ சன்னலுக்கு வெளியே பையைத் தோளில் போட்டுக்கொண்டு போவது தெரியும். நான் பந்தைப் பார்ப்பேன்.

கண்டி ஸ்டேசனில் உங்களை வழியனுப்ப வந்தேன். ரயில் பெட்டிக்குப் பெட்டி கட்டிப்பிடித்து அழுகிற சனம். அந்த இரைச்சலில் காதுக்குள் சொல்லியிருந்தால் உனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். நீ சன்னல் வழியாகக் கேட்டாய், "நீ வெளையாடுறியாடி?" இல்லை என்றேன். உனக்கு ஆறுதலாக இருக்குமென்று நினைத்துச் சொன்ன பொய். நீ தலையை ஆட்டினாய். நான் ஆடுவது உனக்குத் தெரியும் என்பது அந்தத் தலையாட்டலிலேயே இருந்தது.

போன வியாழக்கிழமை பிள்ளைக்கு ஊசி போடக் கண்டிக்குப் போனேன். கொதித்து ஆறின தண்ணீர் ஒரு போத்தல், மாற்றுத்துணி, தொப்பி, பஸ்ஸில் யாராவது இருமினால் மூட ஒரு துவாய். ஊசி போட்ட பிறகு வீட்டுக்குத் திரும்பாமல் டீச்சரின் வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்றுப் பேராதனைப் பக்கம் இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். உன்னிடம் இனிச் சொல்ல முடியாது. உன்னைத் தண்டித்தவரிடமாவது சொல்லி, உன் பெயரில் கிடக்கிற பழியை என் பெயருக்கு மாற்றிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

கதிரையில் உட்கார வைத்துத் தேத்தண்ணி தந்தார். பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். டியூப், சொலூசன் தீர்ந்தது, பாவாடைக்குப் பின்னால் மறைத்த மட்டை. சொல்லும்போது பிள்ளை சிணுங்கியது. டீச்சர் கவனமாகக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை பிள்ளை. ஹந்தானையில இருந்து கனபிள்ளையள் வந்து படிச்சவை. இது ஆரெண்டு தெரியேல்லை."

உன் பெயரை மறுபடி சொன்னேன். உன் நெற்றித் தழும்பைச் சொன்னேன். ரப்பர் பறந்து அந்தப் பெண்ணின் தோளில் விழுந்ததைச் சொன்னபோது மெல்லச் சிரித்தார், யாரோ சொன்ன கதைக்குச் சிரிப்பது போல. உம்மை எனக்கு நல்லா ஞாபகமிருக்கு, நீர் நல்லா விளையாடுவீர் என்றார். பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார். கொடுக்கலாமா கூடாதா என்று வழக்கமாகத் தவிக்கிற நான், அன்று அவள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் கம்பளை வரைக்கும் அழுதேன். பக்கத்து சீட்டு அம்மா, பிள்ளைக்கு ஊசி போட்ட அழுகை தாய்க்குத்தான் என்று சிங்களத்தில் சொல்லித் தட்டிக்கொடுத்தார். மன்னிப்புக் கிடைக்காததற்காக நான் அழவில்லை. பழி என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. தண்டித்தவர் மறந்துவிட்டார். சிரித்த மண்டபம் எப்போதோ மறந்திருக்கும். தண்டனையைச் சுமந்தவள் மண்ணுக்குள் போய்விட்டாள். அந்த மத்தியானம் நீ என்னைப் பார்த்த பார்வை இந்த ஊரில் மிச்சமிருப்பது என்னிடம் மட்டும்தான்.

இறக்கி வைக்க வேண்டுமென்றுதான் போனேன். இப்போது பயமாக இருக்கிறது. இதையும் இறக்கிவிட்டால், கண்டியில் உன்னைத் தெரிந்தவர் என்று யார் இருப்பார்கள்? அதனால் நானே வைத்துக்கொள்கிறேன்டி. ஒட்டினது நான்தான்.