விருச்சிகத்தில் மூன்று நாள்

ஜாவா, 12 ஜூன் 2013

நாஸ்பரியின் அப்பாவுக்குத் தாஹிராவின் சலாம்.

குவெட்டாவை விட்டு இங்கு வந்து இரண்டு மாதமாகிறது. நீங்கள் படகேறிப் போய் நான்கு வருடம். ‘கூப்பிடுகிறேன், கூப்பிடுகிறேன்’ என்று எழுதியே காலத்தை ஓட்டிவிட்டீர்கள். ஜூலை பதினைந்தில் ஒரு படகு, பதினெட்டில் ஒரு படகு. எதில் ஏற?

மகளுக்குப் பத்து வயதாகிவிட்டது. “அப்பாவப் பாத்தா எனக்கு அடையாளம் தெரியுமாம்மா?” என்று கேட்கிறாள்.

தாஹிரா

மெல்போர்ன், 25 ஜூன் 2013

நாஸ்பரியின் அம்மாவுக்கு,

நான் படகில் வந்தவன் என்பதால் குடும்பத்தை அழைக்கும் மனுவைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். இல்லாவிட்டால் உங்களைக் கடலில் இறங்கச் சொல்வேனா?

பதினைந்திலிருந்து மூன்று நாள் சந்திரன் விருச்சிகத்தில். பயணத்துக்கு ஆகாத நாட்கள், அப்போது நம்மவர் வாசற்படி தாண்டமாட்டார்கள். என் தம்பி அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு அப்படியொரு நாளில் படகேறினான், உடல்கூடக் கிடைக்கவில்லை. பதினெட்டாம் தேதிப் படகில் வா. மகளுக்குச் சிவப்புச் சைக்கிள் வாங்கி வைத்திருக்கிறேன்.

எவாஸ்

நவுரு, 11 நவம்பர் 2013

நாஸ்பரியின் அப்பாவுக்கு,

நாங்கள் உங்கள் நாட்டில் கரைசேர்ந்தது ஜூலை இருபத்தொன்றாம் தேதி. “பத்தொன்பதுலேருந்து படகுல வர்றவங்க யாரும் இந்த நாட்டுல குடியேற முடியாது. ஒருக்காலும்” என்றார் மொழிபெயர்ப்பாளர். நம் ஆள்தான், எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. “என் வீட்டுக்காரர் அங்கதான் இருக்கார், மூணு நாள்தானே ஐயா” என்று கெஞ்சினேன். பிறகு இந்தத் தீவில் கொண்டுவந்து இறக்கினார்கள். கூடாரத்தில் வேகிறோம்.

பதினைந்தாம் தேதி கிளம்பியவர்கள் உங்கள் ஊரில்தான் இருக்கிறார்களாமே?

உங்கள்மேல் குற்றமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

தாஹிரா

நவுரு, 3 மார்ச் 2015

நாஸ்பரியின் அப்பாவுக்கு,

மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்போகிறார்கள், அவளை மட்டும். “அங்க அப்பா இருக்காரே, நீங்க எதுக்கு?” என்கிறார்கள். காலில் விழுந்தும் பார்த்துவிட்டேன்.

போன வருடம் ஒருநாள், “அந்த மூணு நாள் நம்மள நிறுத்தி வச்சது யாரும்மா?” என்று கேட்டாள். “நான்தான். கடலைப் பாத்துப் பயந்துட்டேன்” என்றேன். அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. உங்களிடமும் கேட்பாள். அவளுக்கு அங்கே வேறு யாரும் இல்லை. உங்களையும் வெறுத்தால் பிழைக்கமாட்டாள். வாயைத் திறக்காதீர்கள்.

தலைக்கு எண்ணெய் வைத்து வாரிவிடுங்கள். சிக்கு விழும்.

தாஹிரா

மெல்போர்ன், 20 மே 2015

நாஸ்பரியின் அம்மாவுக்கு,

வந்து சேர்ந்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. சைக்கிளும் சின்னதாகிவிட்டது.

ஒரு மாதம் கழித்துக் கேட்டாள்: “அம்மாதானேப்பா பயந்தது?”

ஆமாம் என்று தலையாட்டினேன், தாஹிரா. அன்றைக்கு என் தோளில் சாய்ந்துகொண்டு இரண்டு ரொட்டி சாப்பிட்டாள். நீ போன் செய்தபோது நீட்டினேன், வாங்கவில்லை. தலையை நான்தான் வாரிவிடுகிறேன்.

அவள் உடம்பு தேறட்டும், பிறகு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். இப்போது தேறிவிட்டாள். சொல்லமாட்டேன். எனக்கு அவள் வேண்டும்.

எவாஸ்