நான்காவது நாற்காலியில் யார்

ஞாயிற்றுக்கிழமை உன் போர் விளையாட்டுப் பெட்டியைத் திறந்ததும் நீலகிரித் தைலம் மணத்தது. ஆட்டம் நீள நீள நெற்றியில் தேய்த்துக்கொண்டு, அதே விரலால் கட்டைகளை நகர்த்துவாய். உன் கிளர்ச்சிப் படை முழுதும் இன்னும் அந்த வாசம்தான்.

காக்ஸ் டவுனில் உன் வீட்டுச் சாப்பாட்டு மேசை, ஒவ்வொரு ஞாயிறும் சர்ச் முடிந்த மதியம். வரைபடத்தில் பெயரில்லாத ஒரு மலைநாடு. நான் அரசாங்கம். உன் மனைவி ஸ்டெல்லா எனக்கு உதவ வந்த அந்நியப் படை. நம் ஆபீஸ் நாகராஜ் கடத்தல்காரர். நீ காட்டிலிருக்கும் கிளர்ச்சிக்காரன். சதுரங்கத்தில் எதிரி எதிரில் இருப்பான். இதில் பக்கத்திலும் இருந்தான். ஸ்டெல்லாவும் நானும் ஒரே அணி, ஆனால் வெற்றிக் கணக்கு தனித்தனி. அவள் படை பத்திரமாக ஊர் திரும்பினால் அவளுக்கு வெற்றி, எனக்கு நாசம். நட்பு நாடு என்றால் என்னவென்று எனக்கு அங்கேதான் புரிந்தது.

எரிச்சலுக்கும் குறைவில்லை. விதிகளை விளக்கி முடிப்பதற்குள் பிரியாணி ஆறிவிடும். தன் முறை வருவதற்குள் நாகராஜ் ஒரு தூக்கம் போட்டுவிடுவார். ஒருவர் ஜெயிக்கப் போனால் மற்ற மூவரும் சேர்ந்து காலை வாரிவிடுவோம். யார் ஜெயிப்பது என்பதைக் இனி ஜெயிக்க வழியில்லாதவர்தான் முடிவுசெய்வார். "அவர யாராச்சும் நிறுத்தணும். ஆனா அது நானில்ல" என்பாய், கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே.

நீ இறந்துபோன பிறகு, பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று ஸ்டெல்லா கேட்டாள். கடைசியாக ஒருமுறை ஆடிப் பார்ப்போம் என்றுதான் அன்று கூடினோம். ஆள் குறைந்தால் அவர் பக்கத்தை நடத்த ஓர் அட்டை பெட்டியிலேயே வரும்; இப்படி நடந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய் என்று அம்புக்குறிகள். அதை உன் நாற்காலிக்கு முன்னால் வைத்தோம். சரியாகத்தான் ஆடியது. பழக்கதோஷத்தில் நாகராஜ், உன்னைக் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டு, அதனிடம் பேரம் பேசினார்: "குரு, அந்தக் கணவாய விட்டுடு, துப்பாக்கி நான் தர்றேன்."

அட்டையில் பேரத்துக்கு அம்புக்குறி இல்லை.

ஸ்டெல்லா எழுந்து வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அண்ணா, அந்த அட்டைய என் படைக்கு வச்சிடுங்க. இவர் ஆளுங்கள நான் பாத்துக்கறேன்."

அந்நியப் படை அட்டையின்படி நடந்தது. ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஸ்டெல்லா கணவாயை விட்டுத்தருவதாகச் சொல்லித் துப்பாக்கிகளை வாங்கினாள். அவற்றோடு போய் நாகராஜின் கிடங்கைப் பிடித்தாள்.

நாகராஜ் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, இந்த வீட்டில் இனிக் கால் வைக்கமாட்டேன் என்றார். உன்னிடமும் ஒவ்வொரு ஞாயிறும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போவார். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் ஸ்டெல்லா பெட்டியை அலமாரியில் ஏற்றினாள். யாருக்குக் கொடுப்பது என்று அப்புறம் கேட்கவில்லை.

எனக்கு உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது ஒன்று உண்டு. இரு தரப்பும் பேச்சுவார்த்தைக்கு ஒப்புக்கொண்டன என்று செய்தியில் சொன்னால், மற்ற இருவர் எங்கே என்று தேடுகிறேன்.